கொடுக்காத பால்

ஆறு மாதம் முடியும்வரை என் மகனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. ஆம்பூர் வெயிலில், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, சித்திரை மாதத்தில். அதற்காக எங்கள் லைன் வீடுகளில் எனக்குக் கிடைத்த பட்டங்களை எழுதினால் ஒரு பக்கம் போய்விடும். கல்நெஞ்சக்காரி என்பது அவற்றில் கொஞ்சம் மரியாதையானது. குழந்தைக்கு நாக்கு வறளுமே என்று கேட்டவர்களிடம் எல்லாம் டாக்டர் சொன்னார் என்றேன். ஒன்பது வீட்டுக்காரர்களும் என் டாக்டரைத் திட்டினார்கள். அப்படி ஒரு டாக்டர் இல்லை, சொன்னது வேலூர் நம்பிக்கை மையத்தில் இருந்த ஆலோசகர் அம்மா.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நாலாம் மாதம் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அடுத்த வாரம் என் கணவருக்கும் எடுத்தார்கள், அவருக்கும் இருந்தது. யாரால் யாருக்கு என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். மூன்றாம் நாள் இருவருக்கும் அலுத்துவிட்டது. அவர் தோல் தொழிற்சாலையில், தோலைப் போட்டுச் சுற்றவிடும் பெரிய டிரம் ஓட்டுகிறவர். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது கல்கத்தாவில் சம்பளம் கூடுதல் என்று ஒரு கான்டிராக்டரோடு கிளம்பிவிட்டார். சம்பளம் கூடுதல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கும் வேலை அங்கே இல்லை என்பதும் ஒரு காரணம்.

என் பிறந்த வீடு குடியாத்தம் பக்கம். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்க வந்த இடத்தில் வேறு சாதிக்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன் என்று என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு மகள் உண்டானதும் தெரியாது, பெற்றதும் தெரியாது. அவர் வீட்டிலும் அதே கதைதான்.

ஆம்பூரிலேயே மாத்திரை வாங்கியிருக்கலாம். ஆனால் கம்பெனி வண்டியில் என்னோடு வரும் யாராவது ஒருத்தி அந்த வரிசையைக் கடந்து போவாள் என்ற பயம். அதனால் வேலூருக்குப் பஸ் ஏறுவேன். பள்ளிகொண்டா தாண்டும்வரை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் என்னைத் தெரியாத ஊர் வந்தபிறகுதான் எனக்கு மூச்சே விடத் தோன்றும்.

ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவார். எட்டாம் மாதத்தில் ஒருநாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"பொறந்ததும் என்ன பால் குடுக்கப் போறேன்னு நீதான் முடிவு பண்ணணும்மா. தாய்ப்பால்னா ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். டின் பால்னா டின் பால் மட்டும். ரெண்டையும் கலக்கக் கூடாது. தண்ணி, தேனு, கிரைப் வாட்டர், எதுவும் வாணாம். கலந்து குடுத்தா புள்ள குடல் புண்ணாகும், கிருமி போறதுக்கு வழி ஆயிடும்."

"தாய்ப்பால்ல வராதாம்மா?"

"நீ மாத்திரைய ஒருநாள் விடாம போட்டு, புள்ளைக்கும் நாங்க குடுக்குற மருந்த ஊத்துனா, வர்றது ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவரை எனக்குப் பிடித்தது. பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம், சொல்லவில்லை.

நான் தாய்ப்பால் என்றேன். பிள்ளைக்கு நல்லது என்பதற்காக மட்டும் முடிவு செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஒன்பது வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கும் இடத்தில் ஒருத்தி புட்டிப்பால் கலக்கினால், ஏன் உனக்குப் பால் இல்லையா, மார்பில் கட்டியா, என்ன வியாதி என்று வரிசையாகக் கேள்வி வரும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மார்பில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என் பாலுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

நான் எழுந்தபோது அவர் ஒன்று கூடுதலாகச் சொன்னார். "உன் பால் உன் புள்ளைக்கு மட்டும்தான். வேற புள்ளைக்குக் குடுத்துடாத." எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

பக்கத்து வீட்டுக்காரியை லைன் முழுக்க ஆபா என்றுதான் கூப்பிடும். உருதில் அக்கா. எனக்கு மூன்று வயது மூத்தவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர், அவள் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண் எரியும். அவளும் அப்போது உண்டாகியிருந்தாள், எனக்கு ஒரு மாதம் பின்னால். எனக்கு யாரும் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து என் அம்மா வீடு, மாமியார் வீடு, நாத்தனார் வீடு எல்லாமே அவள்தான். நிறைமாத வயிற்றோடு எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்தாள். பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொண்டுவந்தாள். தங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் முந்திரி, பாதாம் அரைத்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பாள். அவள் மாமியார்தான் ஒருநாள், "உன் கூடப் பொறந்தவளா அவ?" என்று கேட்டது. அதற்கு ஆபா, "ஆமா, வேற வயித்துல பொறந்துட்டா" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த அன்று தேன் பாட்டிலோடு வந்து நின்றாள். நல்ல வார்த்தை ஓதி, பிள்ளை நாக்கில் ஒரு துளி வைக்க வேண்டும் அவர்கள் வழக்கப்படி. நான் டாக்டர் என்று இழுத்ததும் பாட்டிலை மூடினாள். "டாக்டர் சொன்னா சொன்னதுதான். தேனு எங்க போவுது?" அவ்வளவுதான் அவள் கேட்டது. பிள்ளைக்கு ஆறு வாரம் ஊற்றிய மருந்தைச் சத்து டானிக் என்றேன், நம்பினாள். ராத்திரி எட்டு மணிக்கு நான் போடும் மாத்திரையை இரும்புச்சத்து என்றேன், அதையும் நம்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிடுகிறவளுக்கு உங்கள்மேல் பிரியம் இருந்தால் ஒன்றும் கஷ்டமில்லை.

அவள் போட்ட பூண்டோ, கஞ்சியோ, எனக்குப் பால் கொட்டியது. ஜாக்கெட்டுக்குள் துணி மடித்து வைத்தாலும் நனைந்துவிடும். ஆபா பார்த்துச் சிரிப்பாள். "உனக்கு ரெட்டப் புள்ள பொறந்திருக்கணும்டி."

"இன்னொன்னு இருந்தா அதுக்கும் குடுப்பேன் ஆபா. இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றேன்.

பெருமை. வேறென்ன? இரத்தம் கெட்டது என்று சொல்லப்பட்டவளுக்கு உடம்பில் ஒன்றாவது நன்றாக இருக்கிறது என்ற பெருமை. நுணலும் தன் வாயால் கெடும்.

அவளுக்குப் பெண் பிறந்தது. மூன்றாவது வாரம் கடுமையான காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது பாதியாக இருந்தாள், பால் வற்றிவிட்டது. டின் பால் அந்தக் குழந்தைக்குச் சேரவில்லை. குடித்தால் வாந்தி, இல்லாவிட்டால் பேதி. சுவருக்கு அந்தப் பக்கம் அதன் அழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்ததை நான் கேட்டேன்.

ஒருநாள் மதியம் மூன்று மணி இருக்கும். ஆபாவும் மாமியாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கமாகச் செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைகிறவள் அன்று வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டாள். மாமியார் கையில் ஒரு தட்டு, அதில் பேரீச்சம்பழமும் ஒரு ஜாக்கெட் துணியும். சம்பந்தம் பேச வந்தவர்களைப்போல இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

"நாலு நாளா புள்ளைக்கு ஒன்னும் தங்கல" என்று ஆபா ஆரம்பித்தாள். "பேஜாராப் போச்சி. உன்கிட்டதான் ஜாஸ்தி ஊறுதே. ஒரு வாரம் குடு, போதும். அவ தேறிடுவா. எங்கள்ல இதுக்குப் பெரிய மரியாதை இருக்கு, தெரியுமா? நீ இவளுக்குப் பால் குடுத்த அம்மா ஆயிடுவ. உன் பையனும் இவளும் அண்ணன் தங்கச்சி. சாவுற வரைக்கும் அந்த ஒறவு போவாது."

"நாளைக்கு ரெண்டும் லவ் பண்ணிக்கினு நிக்க முடியாது, அவ்ளோதான்" என்றது மாமியார். "அந்தப் பயம் இப்பவே தீர்ந்துடும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். சொந்த வீடே தலைமுழுகிய என்னை, ஒரு குடும்பம் தட்டு வைத்து உறவுக்கு அழைக்கிறது. என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் அப்படி வந்து என் முன் உட்கார்ந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஆபா மடியில் குழந்தை அழுதது. என் மார்பு கூசியது. அடுத்த நொடி ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்தது, அவர்கள் கண்முன்னாலேயே. எனக்கே பால் போதவில்லை என்று சொல்லியிருக்கக்கூடிய பொய்யும் அதோடு போயிற்று.

என்ன சொல்வது? காய்ச்சல் என்றால் என் மகனுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கிறேன் என்பார்கள். டாக்டர் என்றால், எந்த டாக்டர், எதற்கு, அந்த ராத்திரி மாத்திரை எதற்கு என்று நூல் பிடித்துப் போனால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். ஆபா குழந்தையை என் பக்கம் நீட்டினாள். அதன் வாய் திறந்து திறந்து மூடியது. நான் கையை நீட்டவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க ஆபா."

பல நாள் யோசித்துவிட்டேன். டாக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லியிருந்தால் தேன் பாட்டிலை மூடியதுபோல அவள் போயிருப்பாள். அந்த ஒரு சொல் போதும். ஆனால் மனிதர்களுக்கு அவசரத்தில் எது முதலில் கையில் கிடைக்கிறது பாருங்கள். யோசிக்காமல் நம்பக்கூடிய பொய், யாரும் மறுகேள்வி கேட்காத பொய், இந்த நாட்டில் ஒன்று தயாராக இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆபா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க வீட்ல யாருடி இருக்காங்க?" என்றாள்.

யாருமில்லை என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை பெற்ற என்னைப் பார்க்க யாரும் வரவில்லை என்று எனக்காக அழுதவள் அவள். ஆக, ஒத்துக்கொள்ளாதது நான்தான். வேறு யாராக இருக்க முடியும்? மாமியார் தட்டை எடுத்துக்கொண்டது. வாசல்வரை போய் ஆபா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது அங்கே இருந்த ஐந்து நாளும் சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. குழந்தை அழாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் மகன் குடித்தது போக மிஞ்சிய பாலைச் சாக்கடை ஓரம் உட்கார்ந்து பிழிந்து ஊற்றினேன். ஊற்றும்போது அழுதேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அழுதேன். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தும் அழுதேன்.

பிழைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல டின் பால் வேறு வகை மாற்றித் தேற்றினார்கள்.

லைனில் செய்தி பரவியது. அதில் எனக்குத் தாங்காமல் போனது ஆபாவின் மாமியார் குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தது அல்ல. கோடி வீட்டு அம்மா ஒருத்தி, அதுவரை என்னோடு பேசாதவள், ஒருநாள் என் வீட்டுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். "நல்லா செஞ்ச" என்றாள். "நம்ம பாலு நம்ம புள்ளைங்களுக்குத்தான். இவங்ககிட்ட அந்த அளவோட இருக்கணும்." கீரையை வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டுமே. அவள் போனதும் அதை ஆட்டுக்குப் போட்டேன். அந்த லைனில் என்னைப் பாராட்டிய ஒரே ஆள் அவள்தான்.

ரம்ஜான் வந்தது. எல்லா வீட்டுக்கும் தூக்கில் நோன்புக் கஞ்சி போனது, என் வாசலைத் தாண்டிப் போனது. என் மகன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நின்றான். ஒவ்வொன்றையும் நான் தனியாகப் பார்த்தேன். முதல் அடி வைத்த அன்று சுவரைத் தட்டிக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டு, தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். ஒரு வயதோடு பாலை நிறுத்தினேன்.

என் மகனுக்கு ஆறாவது வாரமே குதிகாலில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்திருந்தார்கள். அப்புறம் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை சோறு இறங்காது. ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை. ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். "இல்லம்மா. உன் பையனுக்கு இல்ல. இனிமே இதுக்காக அவன இங்க கூட்டிட்டு வராத."

வெளியே வந்து கல்கத்தாவுக்குப் போன் போட்டேன். பின்னால் டிரம் சுற்றும் சத்தம். "இல்லையாமா?" என்றார். "இல்ல" என்றேன். "சரி, சூப்பர்வைசர் வர்றாரு, வெக்கிறேன்" என்றார். அவர் அழுதிருப்பார். ஆனால் என்னோடு சேர்ந்து அழவில்லையே. பஸ்ஸில் மகனை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே நல்ல செய்தியை வைத்திருப்பவளாக, சொல்ல ஆளில்லாமல் ஆம்பூர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஆபாவின் மாமியார் வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனது. ஆபா தனியாக இருந்தாள். நான் மகனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போய், அவள் போ என்று சொல்வதற்குள் கதவைச் சாத்தினேன். பரிசோதனை முடிவுக் காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். அதில் இருந்தது அவளுக்குப் புரியவில்லை. வாயால் சொன்னேன். எனக்கு என்ன இருக்கிறது, மாத்திரை எதற்கு, டானிக் என்ன, அன்றைக்கு ஏன் கை நீட்டவில்லை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் முதலில் கேட்டது, "நீ என் பொண்ணத் தூக்கினியே, முத்தம் குடுத்தியே, அதுல ஒன்னும் இல்லியே?" என்பதுதான். அதில் வராது என்றேன். எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள், நான் வருத்தப்படவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

அவள் மகள் என் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஆபா பிரித்துவிடவில்லை.

"அன்னிக்கு நீ குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது ஆபா."

"யாருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், வலித்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி பாவி. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சி. நாங்க யாருன்னு பாத்து வேணான்னுட்டேன்னு நெனச்சி நெனச்சி செத்தேன்டி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் யோசித்தாள். "தெரியல" என்றாள். பொய் சொல்லாத இரண்டாவது மனுஷி.

நான் கிளம்பும்போது கதவில் கையை வைத்துக்கொண்டு என்னை நிறுத்தினாள். "எங்க அத்தைக்குத் தெரியக் கூடாது. அவங்க வாய் ஒரு எடத்துல நிக்காது. லைனுக்கே தெரிஞ்சிடும், உன்ன வீட்ட காலி பண்ண வெச்சிடுவாங்க. அதனால நான் வெளில உன்கிட்ட பேச மாட்டேன். திடீர்னு பேசினா, இன்னா ஆச்சி, ஏன் ராசியாயிட்டேன்னு நோண்டுவாங்க. நான் எப்பவும்போல கோவமாவே இருக்குறேன். இருக்கட்டும்."

இருக்கிறாள். இன்று காலைகூடக் குழாயடியில் நான் வந்ததும் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்றவளிடம் என்னைப் பற்றி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனாள். கோடி வீட்டு அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்காகத்தான் செய்கிறாள் என்று தெரியும். அவள் முகத்தைத் திருப்பும்போது அது எனக்கு ஞாபகம் வர மாட்டேன் என்கிறது.